பழைய ஜேசிபியும் வெற்றுப் படிவங்களும்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எழுதியிருக்கும் வாசகர், தம் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். 36 வயதாகும் அவர், 11 ஆண்டுகளாகப் பிறருடைய ஜேசிபியில் ஆபரேட்டராக வேலை பார்க்கிறார். அதில் பாதிக் காலம் கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத் தோட்டங்களுக்குள் பாதை வெட்டுவதிலேயே கழிந்திருக்கிறது. அங்கே பழக்கமான ஒப்பந்ததாரர் ஒருவர், கேரளத்தின் கட்டப்பனைப் பக்கம் தம் இடத்தில் நிற்கும் பழைய வண்டியை 8.5 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். ‘கே.எல். 06’ எண், பதிவாகி 13 ஆண்டுகள் முடிந்துவிட்டன, 8 மாதங்களாக ஓடவில்லை. வாசகர் தமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் சென்று 2 மணி நேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறார். சூடேறியதும் வேகம் குறைகிறது, தூக்கி நிறுத்திய பக்கெட் தானாக இறங்குகிறது, இணைப்புகளிலுள்ள பின்களும் புஷ்களும் தேய்ந்திருக்கின்றன, பிரேக் சரியில்லை. மொத்தப் பழுதுக்கு 2.25 லட்சம் ஆகும் என்பது மெக்கானிக்கின் கணக்கு.

ஆர்சி புத்தகம், அதாவது பதிவுச் சான்று, விற்பவர் பெயரில் இல்லை. அவருக்கு முன்பு வைத்திருந்தவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த 29, 30-ஆம் படிவங்கள் மட்டுமே அவரிடம் இருக்கின்றன. ஆர்சியில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் நிற்கிறது. கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்கிறார். மனைவியின் நகைகளை வைத்து 7 லட்சம் வரை புரட்ட முடியும் என்ற நம்பிக்கையில் வாசகர் 50,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டார். இந்த வண்டியை வாங்கலாமா, கையெழுத்திட்ட படிவங்கள் இருந்தால் போதாதா, கேரள எண்ணோடு 12 மாதம் இங்கே ஓட்டலாம் என்கிறார்களே, வாங்கிய பிறகு எஞ்சின் போனால் நுகர்வோர் நீதிமன்றம் செல்லலாமா, வேண்டாம் என்றால் முன்பணம் திரும்புமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். அதில் ஐந்து பக்கம் வண்டியின் பழுதைப் பற்றியும் ஏழு வரிகள் மட்டும் ஆவணங்களைப் பற்றியும் இருக்கின்றன. பக்கெட் இறங்குவது சிலிண்டர் சீலாலா, கன்ட்ரோல் வால்வாலா என்று நீங்கள் பிரித்து எழுதியிருப்பதைப் படித்தபோது, பழுது விஷயத்தில் உங்களுக்கு யாரும் ஆலோசனை சொல்லத் தேவையில்லை என்று தோன்றியது. 2.25 லட்சம் 3 லட்சமாக ஆகலாம். பம்ப்பைக் கழற்றிய பிறகு கணக்கு மாறாத பட்டறையை நான் கண்டதில்லை. ஆனால் அது உங்களால் ஊகிக்கக்கூடிய தொகை. அந்த ஏழு வரிகளில் இருப்பதற்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று இன்றைக்கு உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. ஆகவே வக்கீலாக நான் எழுதும் இந்தப் பதிலின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதாகவே இருக்கும். (நம் பக்கத்தில் எந்த நிறுவனம் செய்த வண்டியானாலும் ஜேசிபி என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுகிறேன். காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்யும் வண்டிக்குப் பதிவு அவ்வளவு முக்கியமில்லை என்று விற்பவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டயருக்குப் பதில் இரும்புச் சங்கிலிப் பட்டையில் நகரும் செயின் வண்டிக்கு அந்தப் பேச்சு ஓரளவு பொருந்தும். அது சாலையில் தானாக ஓடுவதற்கென்று செய்யப்பட்டதல்ல, டிரெய்லரில்தான் போகும். உங்களுடையது டயர் வண்டி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, இத்தகைய வண்டியைக் கட்டுமான இயந்திர வாகனம் என்று வரையறுத்து, போக்குவரத்து அல்லாத வாகனமாக வைத்திருக்கின்றன. அதற்குப் பதிவும் காப்பீடும் வேண்டும்; அந்த வகை வண்டியை ஓட்ட உரிமமும் வேண்டும். பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியை ஆய்வுக்குக் காட்டி 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு அந்த நாள் இன்னும் 2 ஆண்டுக்குள் வந்துவிடும். யார் பெயரில் ஆர்சி இருக்கிறதோ அவர்தான் அன்றைக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்திட்ட படிவங்கள்

29-ஆம் படிவம், வண்டியை விற்றுவிட்டேன் என்று விற்றவர் தெரிவிப்பது. 30-ஆம் படிவம், உரிமை மாற்றம் கோரும் விண்ணப்பம். தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாமல் கையெழுத்து மட்டும் போட்ட படிவங்கள், ஆர்சிக்காரர் என்றோ ஒருநாள் பேனாவைப் பிடித்தார் என்பதற்கு மேல் எதையும் நிரூபிப்பதில்லை. அவர் உங்கள் ஒப்பந்ததாரருக்கு விற்றாரா, வாடகைக்குக் கொடுத்தாரா, கடனுக்கு ஈடாக நிறுத்தினாரா என்பது அந்தத் தாளில் இல்லை. சரக்கு விற்பனைச் சட்டம் 1930-இன் 27-ஆம் பிரிவின்படி, விதிவிலக்கான சில சூழல்கள் தவிர, தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் பிறருக்கு விற்க முடியாது. எனவே முதல் உரிமையாளர் பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீதோ வங்கிக் கணக்கின் பதிவோ வேண்டும். இல்லையென்றால் அவரே நேரில் வந்து உங்களுக்கு விற்பனை எழுதித் தர வேண்டும்.

அவரை எங்கே போய்த் தேடுவது என்று நீங்கள் கேட்கக்கூடும். தேடிப் போனால் அவர் ஒத்துழைக்கவே வாய்ப்பு அதிகம். அவருக்கும் இதில் பயம் உண்டு. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. உங்கள் வண்டி நாளை யார் மீதாவது மோதினால் நோட்டீஸ் அவர் வீட்டுக்குத்தான் போகும். இதை அவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னால், பெரும்பாலும் அவரே உங்களைவிட அவசரப்படுவார்.

ஆர்சியில் நிற்கும் நிதி நிறுவனத்தின் பெயரையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன் தீர்ந்திருந்தால், அதைத் தெரிவிக்கும் 35-ஆம் படிவமும் நிறுவனத்தின் கடிதமும் இருக்கும். தொலைந்திருந்தால் மறுபடி வாங்க முடியும். தீராமல் இருந்தால், அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் போக்குவரத்து அலுவலகம் பெயரை மாற்றாது. நீங்கள் பம்ப்பையும் பிரேக்கையும் புதுப்பித்து வைத்த பிறகு அவர்கள் வண்டியை எடுத்துச் செல்லவும் கூடும். அப்போது உங்களுக்கு மிஞ்சுவது விற்றவர் மீது இழப்பீடு கேட்கும் உரிமை மட்டுமே.

12 மாதக் கணக்கைப் பற்றி: ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய எண் பெற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 47-ஆம் பிரிவு. எண் மாற்றத்துக்கான கெடு அது. உரிமை மாற்றத்துக்கு வேறு கெடு உண்டு: 50-ஆம் பிரிவின்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் தம் பகுதி அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும், விற்றவர் வேறு மாநிலத்தவர் என்றால் அவருக்கு 45 நாள். இரண்டையும் ஒன்றாக்கி ஒரு வருடம் நிம்மதி என்று சொல்பவர்கள் எல்லையின் இரு பக்கமும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு வரி மூன்றாவது கணக்கு. அது எவ்வளவு என்பதை உத்தமபாளையம் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியின் வயதையும் எடையையும் சொல்லி முன்கூட்டியே கேட்டு, விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வேறு மாநிலத்துக்கு மாற்றுவதற்கு 28-ஆம் படிவத்தில் தடையில்லாச் சான்று, அதாவது நாம் சொல்லும் என்ஓசி, வாங்கியாக வேண்டும். பலரும் இதை ஒரு தொல்லையாகவே நினைக்கிறார்கள். எனக்கு இது வாங்குபவரின் கவசமாகத் தெரிகிறது. திருட்டு வழக்கு இல்லை என்று காவல்துறையிடம் அறிக்கை பெற்று, வரி பாக்கி உண்டா என்று பார்த்த பிறகே கேரள அலுவலகம் இதைத் தர வேண்டும். நீங்கள் அலைந்து திரட்ட வேண்டிய செய்தியில் பாதியை ஓர் அரசு அலுவலகமே திரட்டித் தருகிறது.

வண்டி ஏன் 8 மாதம் நின்றது?

இந்த இடத்தில்தான் உங்கள் கடிதம் எனக்கு உறுத்தியது. ஆபரேட்டர் கிடைக்காததால் வண்டி நிற்கிறது என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 8 மாதமும் நீங்கள் அதே மலையில், அவருக்குத் தெரிந்த ஆபரேட்டராக, வேறொருவர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். உங்களை ஒருமுறைகூட அவர் அழைக்கவில்லை. அடுத்தது, நீங்கள் இணைத்திருந்த படங்கள். 2 லட்சத்துக்கு மேல் பழுதுள்ள வண்டிக்குப் புதிதாக மஞ்சள் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்; சேசிஸ் எண், அதாவது அடிச்சட்ட எண், பொறித்த இடத்திலும் அது தடிமனாக வழிந்து உறைந்திருக்கிறது. விற்பதற்கு முன் பெயிண்ட் அடிப்பது ஊர் வழக்கம்தான், நான் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனாலும் காரணம் தெரிந்துகொள்ளாமல் பணம் கொடுக்கக் கூடாது.

அனுமதியில்லாமல் மண்ணோ கல்லோ எடுத்த இடத்தில் பிடிபட்ட இயந்திரத்தைக் கைப்பற்றவும், நீதிமன்ற உத்தரவின் பேரில் பறிமுதல் செய்யவும் 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடம் தருகிறது. கேரளத்தில் இதற்கு மேல் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வயலை நிரப்பும்போது பிடிபட்ட வண்டி அதன் கீழ்ப் பறிமுதலாகலாம். வனநிலத்துக்குள் என்றால் வனச் சட்டம். இடுக்கி மலையில் பாதை வெட்டும் வண்டிக்கு இந்த மூன்றும் தொலைவில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

பிடிபட்ட வண்டிகளை வழக்கு முடியும்வரை காவல் நிலையத்திலேயே துருப்பிடிக்க விடுவதில்லை. பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் இடைக்காலமாக ஒப்படைப்பதுண்டு. அப்படி ஒப்படைக்கும்போது விற்கக் கூடாது, உருவத்தை மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். அத்தகைய வண்டி கொட்டகையில் நிற்கும். பார்ப்பவருக்குச் சாதாரணப் பழைய வண்டியாகவே தெரியும். என்னிடம் வந்த ஒருவர் இப்படி ஒரு வண்டியை வாங்கி, எஞ்சினைப் பிரித்துப் பட்டறையில் பரப்பி வைத்திருந்த நேரத்தில், வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. திருகு திருகாகப் பூட்டி, டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு மலையேறினார். அந்த டிரெய்லர் வாடகையும் அவருடையதே.

என்ஓசி இந்த வழக்குகள் அனைத்தையும் காட்டிவிடாது. வாகனப் பதிவு விவரங்களுக்கான அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, தடைக் குறிப்பு, அபராதம், அடமானம், காப்பீட்டுத் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்துக்குரிய காவல் நிலையத்திலும் வில்லேஜ் ஆபீஸிலும் நேரில் கேளுங்கள். மலையாளம் பேசும் உங்களுக்கு அது கடினமாக இராது. மாவட்டச் சுரங்க, புவியியல் துறை அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினால் பொதுவாக 30 நாளில் பதில் வரும். விற்பவர் பெயரையும் ஆர்சிக்காரர் பெயரையும் நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடுங்கள்.

எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் உங்கள் கையாலேயே சரிபாருங்கள். பெயிண்ட்டைத் தின்னர் போட்டுத் துடைத்து, எண்ணின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். தேய்த்த தாளில் எழுத்துகளைச் சுற்றி அரம் போட்ட கோடுகள் தெரிந்தால் அத்தோடு திரும்பிவிடுங்கள். 13 வயதான வண்டியில் எஞ்சின் மாற்றப்பட்டிருப்பது அபூர்வமல்ல. மாற்றியதை ஆர்சியில் ஏற்றாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றத்திலும் புதுப்பித்தலிலும் அதுவே முதல் தடையாக வந்து நிற்கும்.

பழுதும் உத்தரவாதமும்

நீங்கள் கொடுத்த முன்பணத்துக்கு ஈடாக இருப்பது ஒரு நோட்டுத் தாள். அதில் நான்கு வரி. இரண்டு தமிழ், இரண்டு மலையாளம். வண்டி எண்ணில் ஓர் இலக்கத்தை அடித்துத் திருத்தியிருக்கிறார்கள், பக்கத்தில் கையெழுத்து இல்லை. எஞ்சின் எண்ணும் இல்லை. ‘வண்டி இருக்கிற கண்டிஷன்ல’ என்ற சொற்கள் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

பழைய பொருளை வாங்குபவர் தாமே பார்த்து வாங்க வேண்டும் என்பதுதான் விற்பனைச் சட்டத்தின் பொது விதி. விற்பவர் அந்தப் பொருளின் வியாபாரி என்றால் சில உத்தரவாதங்கள் சொல்லாமலே சேரும். ஆனால் வாங்குபவர் சோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கில் உங்கள் 11 ஆண்டு அனுபவமே உங்களுக்கு எதிராகப் பேசப்படும்: 2 மணி நேரம் மெக்கானிக்கோடு ஓட்டிப் பார்த்த ஆபரேட்டருக்கு இது தெரியாதா என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார், நானாக இருந்தாலும் அதையே கேட்பேன். தெரிந்தே மறைத்த குறையும், கேட்டதற்குப் பொய்யாகச் சொன்ன பதிலும் வேறு வகை; அவற்றைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியும். ஆகவே கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வழக்கு உண்டா, எஞ்சின் மாற்றப்பட்டதா, பக்கெட்டைத் தாங்கும் பூமில் வெல்டிங் செய்யப்பட்டதா, ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் மாற்றப்பட்டதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும். பதிலை அழிக்காமல், அந்தப் போனையும் விற்காமல் வைத்திருங்கள்.

நுகர்வோர் ஆணையத்தைப் பொறுத்தவரை, தொழிலுக்கு வாங்கியதால் உங்களுக்கு வழியில்லை என்று யாரோ சொன்னது முழுச் சரியல்ல. சுயவேலை மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோராகவே ஏற்கிறது. லட்சுமி இன்ஜினீயரிங் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம், ஓரிரு உதவியாளரை வைத்துக்கொண்டு தாமே இயந்திரத்தை இயக்குபவர் நுகர்வோர் என்ற நிலையை இழப்பதில்லை என்று விளக்கியது. நீங்களே ஓட்டப்போவதால் அந்தப் படியை நீங்கள் தாண்டிவிடுவீர்கள். தடை வேறிடத்தில் இருக்கிறது: விற்பவர் வியாபாரியாக இருக்க வேண்டும். தம் ஒரே வண்டியை விற்கும் ஒப்பந்ததாரரை அப்படிச் சொல்வது கடினம். வருடத்துக்கு நாலைந்து வண்டி வாங்கி விற்பவர் என்றால் சொல்லலாம். இல்லையென்றால் சிவில் வழக்குத்தான். அது கட்டப்பனையில் நடக்க வேண்டுமா, உத்தமபாளையத்தில் நடக்கலாமா என்பது ஒப்பந்தம் எழுதி, பணம் கொடுத்து, வண்டியை ஒப்படைத்த இடத்தைப் பொறுத்தது. மூன்றையும் கம்பத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் வண்டியை மலையிறக்கும் பொறுப்பும் அவருடையதாகிவிடும்; பிரேக் சரியில்லாத 7, 8 டன் வண்டியைக் கம்பம்மெட்டு வளைவுகளில் ஓட்டி இறக்கலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

முன்பணமும் இனிச் செய்ய வேண்டியதும்

கோபத்தில் போனை எடுத்து ‘எனக்கு வண்டி வேண்டாம்’ என்று சொல்லிவிடாதீர்கள். காரணமில்லாமல் வாங்குபவரே பின்வாங்கினால், முன்பணத்தை வைத்துக்கொள்ள விற்பவருக்கு வாதம் கிடைத்துவிடும். உரிமையை அவரால் தர முடியவில்லை என்பதால் விற்பனை நடக்காமல் போனால் பணத்தைத் திருப்பியே ஆக வேண்டும். அதனால், சேர்ந்ததற்கான சான்று கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். வாங்கத் தயாராக இருக்கிறேன், இன்ன இன்ன ஆவணங்களை 45 நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் முன்பணத்தைத் திருப்ப வேண்டும் என்று அதில் இருக்கட்டும். 35-ஆம் படிவம், முதல் உரிமையாளரின் விற்பனைச் சான்று, என்ஓசி, வழக்கு எதுவும் இல்லை என்ற அவருடைய கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகிய நான்கும் போதும். நீண்ட நாள் பழகியவர், தாங்கிப் பேசியவர், கடிதம் அனுப்பினால் மனம் நோகுமே என்று தயங்குவீர்கள். போனில் முதலில் சொல்லிவிட்டு, ‘வீட்டு நகையை அடகு வைக்கும் முன் இந்த ஆவணங்களை வக்கீல் கேட்கிறார்’ என்று என் தலையில் போட்டுவிடுங்கள்.

ஆவணங்கள் வந்தால் வண்டி வாங்கத் தகுந்ததே என்பது என் எண்ணம். இந்த வயது வண்டியின் எஞ்சினை உள்ளூர்ப் பட்டறையிலேயே பிரித்துப் பூட்ட முடியும் என்று நீங்கள் சொல்வது உண்மையானால், பழுதை நீங்களே கூட நின்று செய்யும்போது மிச்சமும் ஆகும். விலையில் பாதியை ஒப்பந்தத்தன்று வங்கி வழியாகவும், மீதியை ஆர்சி உங்கள் பெயருக்கு வந்த அன்றும் கொடுப்பதாக எழுதுங்கள். பாதிக்கு அவர் ஒப்பவில்லை என்றால் ஒன்றரை லட்சமாவது நிறுத்தி வையுங்கள். பழுது வேலையைப் பெயர் மாறிய பிறகே தொடங்குங்கள், பிரேக் மட்டும் விதிவிலக்கு. மாதம் 160 மணி நேரம் வேலை என்ற உங்கள் வருமானக் கணக்கில் மழை மாதங்களையும் ஆவணங்களுக்காகக் காத்திருக்கும் மாதங்களையும் கழித்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். ஆபரேட்டராக இருக்கும்வரை, அனுமதியில்லாத இடத்தில் மண் அள்ளச் சொன்னால் உங்களுக்குப் பெரும்பாலும் வழக்கும் ஒருநாள் கூலியும்தான் ஆபத்தில் இருந்தன. உரிமையாளரான பிறகு அதே அரைநாள் வேலையில் வண்டியே போய்விடும். வேலைக்குக் கூப்பிடுபவரிடம் அனுமதிச் சீட்டின் நகலைக் கேட்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

நகைகள் உங்கள் மனைவியின் சொத்து. அவர் சம்மதித்தாலும், நான்கு ஆவணங்களும் கைக்கு வரும் வரை அவை வீட்டிலேயே இருக்கட்டும். 7 லட்சத்துக்கு வருடம் 10 சதவீதம் என்றாலும் மாதம் 5,800 ரூபாய்க்கு மேல் வட்டி. கட்டப்பனையில் வண்டி நிற்க நிற்க இங்கே வட்டி ஓட வேண்டியதில்லை. அந்த நோட்டுத் தாளின் மூலத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பேனா மையையும் தாளையும் பின்னால் யாராவது சோதிக்க வேண்டி வந்தால் அது இடைஞ்சலாக இருக்கும்.